இலைவழிக் காப்பு

திண்டுக்கல் நகரிலிருந்து தென்மேற்குத் திசையிற் செல்வார்க்கு ஆத்தூர் என்னும் ஊர் எதிர்ப்படும். ஊரின் மேற்கே கீழ்ப்பழனி மலைத்தொடர் நீல மதில்போல் நிமிர்ந்து நிற்கும். அம்மலையின் அடிவாரத்தில் காமராசர் நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. மலைமேற் பெய்யும் மழை அருவியாய், ஓடையாய் இறங்கி அத்தேக்கத்தில் வந்து தங்குகின்றது. திண்டுக்கல் நகர மக்களின் நீர்வேட்கையைத் தணிக்கும் நீருள் அதுவும் ஒன்று. சமவெளியில் நெல்லும் தென்னையும் வாழையும் செழித்து நிற்க, மேலே மலைச்சரிவுகளில் காப்பிச் செடிகளின் நடுவே மலைவாழை வளர்கின்றது. மலையும் வெளியும் இவ்வாறு நீராலும் பயிராலும் ஒன்றையொன்று தழுவி வாழ்கின்றன.

இம்மலைவாழையின் பெருமை தமிழகம் அறிந்தது. விருப்பாட்சி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் வாழை ஒன்று. திண்டுக்கல்லுக்குத் தென்கிழக்கேயுள்ள சிறுமலையின் பெயரால் வழங்கும் வாழை மற்றொன்று. இரண்டும் தத்தம் மண்ணுக்கே உரியவை என்று புவிசார் குறியீடு பெற்றுள்ளன. நீர்ப்பதம் குறைந்து, இனிப்பு மிகுந்து, பல நாள் கெடாதிருக்கும் இயல்புடையது விருப்பாட்சிப் பழம். பழனித் திருக்கோயிலின் பஞ்சாமிர்தத்திற்கு இப்பழத்தையே நெடுங்காலமாகச் சிறப்பாகக் கொண்டு வந்தனர்.

இத்தகைய வாழைக்கு ஒரு பெருந்தீங்கு நேர்ந்தது. 1970களில் கீழ்ப்பழனி மலையில் ஏறத்தாழ 18,000 எக்டர் நிலத்தில் இவ்வாழை நின்றது என்றும், பின்னர் அப்பரப்பு 2,000 எக்டர் அளவிற்குச் சுருங்கிற்று என்றும் வேளாண் அறிஞர் கூறுவர். ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு மறைந்தது எனலாம். படையெடுத்து வந்த பகைவரோ, காட்டுத்தீயோ இதனைச் செய்திலர். கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிறு பொருளே இதற்குத் தலையாய காரணமாயிற்று. அப்பொருள் யாது? அதனை வெல்லும் வழி உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், இக்காலத்து உயிரியலின் வியத்தகு கண்டுபிடிப்பொன்றினை நாம் அறிந்துகொள்ள நேரும்.

முடிக்கொத்து நோய்

வாழையைத் தாக்கிய நோய்க்கு முடிக்கொத்து நோய் என்பது பெயர். நோயுற்ற வாழையில் புதிதாகத் தோன்றும் இலைகள் குறுகியும் சிறுத்தும் நிமிர்ந்தும் நிற்கும். அவை ஒன்றன்பின் ஒன்றாக உச்சியில் நெருங்கிக் கொத்தாகத் தோன்றும். இலைக்காம்பினையும் நரம்புகளையும் உற்று நோக்கினால், கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகக் குறிகள் காணப்படும். தந்தி அலுவலகத்தில் முற்காலத்து வழங்கிய குறிகளைப்போல் அவை தோன்றும். இளமையில் நோயுற்ற வாழை குலை ஈனுவதில்லை. பிந்தி நோயுற்றது குலை தள்ளினும் அது பயன்படுவதில்லை.

இந்நோய் 1889ஆம் ஆண்டில் பீஜித் தீவில் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் இந்நோயால் வாழைத்தோட்டங்கள் பாழானபோது, மேகி என்னும் அறிஞர் 1920களில் அதனை ஆராய்ந்தார். நோய்க்குக் காரணம் நச்சுயிரி என்பதையும், அதனைச் செடியிலிருந்து செடிக்குச் சுமந்து செல்வது வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி என்பதையும் அவர் நிறுவினார். இலங்கையிலிருந்து 1940ஆம் ஆண்டையொட்டி இந்நோய் கேரளத்திற்கு வந்து, அங்கிருந்து பிற பகுதிகளுக்கும் பரவிற்று.

பரவிய வழி எண்ணத்தக்கது. அசுவினி வாழையின் பட்டைகளின் இடுக்கிலும் குருத்தின் அடியிலும் மறைந்து வாழ்ந்து, சாற்றை உறிஞ்சும். நோயுற்ற வாழையின் சாற்றை உறிஞ்சிய பூச்சி நலமுற்ற வாழையின்மேல் அமர்ந்தால், நச்சுயிரியும் அங்கே குடிபுகும். எனினும் பூச்சி செல்லும் தொலைவு சிறிது. மலையினின்று மலைக்கும், நாட்டினின்று நாட்டிற்கும் நோயைக் கொண்டு சென்றவன் மனிதனே. வாழை விதையால் பெருகுவதன்று. தாய்மரத்தின் அடியில் தோன்றும் கன்றினைப் பெயர்த்து நட்டே அதனைப் பெருக்குவர். உற்றார்க்கும் அண்டை வீட்டார்க்கும் கன்று கொடுத்துதவுதல் நம் உழவரின் நல்வழக்கம். நோய்க்குறி வெளிப்படாத கன்று அவ்வாறு கைம்மாறியபொழுது, கொடுத்தவரும் அறியாமல், கொண்டவரும் அறியாமல், நோயும் உடன் சென்றது. அறியாமை நல்வழக்கத்தையும் தீங்கின் வழியாக மாற்றிவிடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நச்சுயிரி என்பது தானே உண்டு தானே வாழும் உயிரன்று. பிறிதோர் உயிரின் செல்லினுள் நுழைந்து, அச்செல்லின் கருவிகளைக்கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்வது அதன் தொழில். வாழை முடிக்கொத்து நச்சுயிரியின் உடைமையெல்லாம் ஆறு சிறிய டி.என்.ஏ. வளையங்களும் அவற்றைச் சூழ்ந்த புரத உறையுமே. பூச்சிமருந்து பூச்சியைக் கொல்லும். செல்லினுள் கரந்துறையும் நச்சுயிரியை அது தீண்டாது. ஆதலின் நோயுற்ற வாழையை நலமாக்கும் மருந்து எதுவும் உழவனிடம் இல்லை. குத்தினை வேரோடும் கிழங்கோடும் அழித்தலே இன்றுவரை வழி.

மூல ஏடும் படியும்

நச்சுயிரியை அதன் வழியிலேயே மடக்க இயலுமா என்று அறிஞர் எண்ணினர். அவர்தம் முயற்சியை உணர்வதற்கு, செல்லினுள் நிகழும் வினையினைச் சிறிது அறிதல் வேண்டும்.

பழங்காலத்துத் திருமடம் ஒன்றினைக் கருதுக. அங்கே அரிய ஏட்டுச்சுவடிகள் ஒரு பேழையுட் காக்கப்படுகின்றன. மூல ஏட்டினை எவரும் வெளியே கொண்டு செல்லார். சமையற்காரனுக்கு வேண்டிய குறிப்பையும் தச்சனுக்கு வேண்டிய அளவையும் எழுத்தர் படியெடுத்துக் கொடுப்பர். படியினை நோக்கி அவரவர் தத்தம் தொழிலைச் செய்வர். தொழில் முடிந்தபின் படி கிழிந்துபோகும். மூல ஏடு பேழையில் என்றும் நிலைத்திருக்கும்.

செல்லின் உட்கருவே அப்பேழை. அதனுள் இருக்கும் டி.என்.ஏ. மூல ஏடு. ஏட்டின் ஒவ்வொரு பாடமும் ஒரு மரபணு. ஒரு மரபணுவைப் பார்த்து எழுதப்படும் படிக்குத் தூதுவ ஆர்.என்.ஏ. என்று பெயர். அத்தூது உட்கருவிற்கு வெளியே வந்து, ரைபோசோம் என்னும் தொழிற்கூடத்தை அடையும். தூது கூறும் முறைப்படி அங்கே புரதம் உருவாகும். இலையின் பசுமை, பூவின் நிறம், பழத்தின் இனிமை யாவும் இப்புரதங்களின் வினையால் விளைவன.

இவ்வேட்டின் நெடுங்கணக்கு மிகச் சிறிது. தமிழுக்கு உயிர் 12, மெய் 18; ஆர்.என்.ஏ.வுக்கோ எழுத்துகள் நான்கே. அந்நான்கும் இவ்விரண்டாக இணைசேரும் இயல்புடையன. ஓர் இழையின் எழுத்துகளுக்கு ஏற்ற இணையெழுத்துகளைக் கொண்ட மற்றோர் இழை எதிர்ப்பட்டால், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இரட்டை இழையாகிவிடும்.

தூதுவ ஆர்.என்.ஏ. இயல்பாக ஒற்றை இழையாகவே இருக்கும். நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. செல்லினுள் காணப்படுமாயின், அது பெரும்பாலும் பகையின் அறிகுறி. பல நச்சுயிரிகள் தம்மைப் பெருக்கிக்கொள்ளும்பொழுது அத்தகைய இரட்டை இழையினை உண்டாக்குகின்றன. ஆதலால் செடியின் செல் அதனைக் கண்டவுடன் விழித்தெழுகின்றது. டைசர் என்னும் நொதி அவ்விரட்டை இழையினை 21 முதல் 24 எழுத்துகள் கொண்ட சிறு துண்டுகளாக நறுக்குகின்றது. அத்துண்டில் ஓர் இழையை ஆர்கோநாட் என்னும் புரதம் கையில் ஏந்திக்கொள்கின்றது. கள்வனின் அடையாளத்தைக் கையிற் கொண்டு தெருத்தெருவாகத் தேடும் ஊர்க்காவலன்போல் அது செல்லினுள் தேடிச் செல்கின்றது. அத்துண்டிற்கு இணையான எழுத்துகளையுடைய தூது எங்கே தென்படினும் அதனைப் பற்றி வெட்டுகின்றது. வெட்டுண்ட தூது புரதத்தை ஆக்கமாட்டாது. மரபணு இருந்தும் அதன் சொல் எடுபடாமற் போகின்றது. இதனையே மரபணுவை வாயடைத்தல் என்பர்.

ஈண்டு ஒன்றினை மாணவர்கள் மனத்திற் பதித்தல் வேண்டும். இவ்வினையில் மூல ஏடு திருத்தப்படுவதன்று. படி மட்டுமே கிழிக்கப்படுகின்றது. துண்டுகள் தீர்ந்தபின் மரபணு மீண்டும் தன் வேலையைத் தொடங்கலாம். இவ்வினை நிலையாக நில்லாமை ஒருவகையில் அதன் குறை. மற்றொரு வகையில் அதுவே அதன் நன்மை.

கண்டறிந்த வரலாறு

இவ்வுண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விங்கார்டு என்பவர் நச்சுயிரி தாக்கிய புகையிலைச் செடிகளை ஆராய்ந்தார். கீழிலைகள் நோயால் வாடியிருக்க, பின்னர்த் தோன்றிய மேலிலைகள் நலமாக விளங்கின. அவ்விலைகளில் அந்நச்சுயிரியை மீண்டும் செலுத்தியபோதும் நோய் தோன்றவில்லை. செடி தன்னைத்தானே காத்துக்கொண்டது எவ்வாறு என்பது அப்போது விளங்கவில்லை.

1990ஆம் ஆண்டில் பெட்டூனியா என்னும் பூஞ்செடியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நெப்போலி, ஜார்கென்சன் முதலிய அமெரிக்க அறிஞர்கள் அதன் ஊதா நிறத்தை மிகுவிக்க விரும்பி, நிறத்திற்குரிய மரபணுவின் இன்னொரு படியைச் செடியினுட் செலுத்தினர். நிறம் மிகும் என்று எதிர்பார்த்தவர்க்குப் பல செடிகளில் வெண்பூவே காட்சியளித்தது. சேர்த்த மரபணுவோடு முன்னிருந்த மரபணுவும் வாயடைத்துப்போயிற்று. நெதர்லாந்து நாட்டு அறிஞரும் அதே ஆண்டில் இதனையொத்த முடிவினைக் கண்டனர்.

1998ஆம் ஆண்டில் அந்தரு பயர், கிரெய்க் மெல்லோ என்னும் இருவரும் தம் குழுவினரோடு ஒரு சிறு புழுவில் ஆய்வு நடத்தி, வாயடைக்கும் ஆற்றல் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வுக்கே உரியது என்று தெளிவுறக் காட்டினர். மறு ஆண்டில் இங்கிலாந்தில் ஆமில்டன், பால்கோம்பு என்னும் இருவர், செடிகளில் இவ்வினை நிகழும்போது சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் தோன்றுவதைக் கண்டறிந்தனர். பயர், மெல்லோ இருவர்க்கும் 2006ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. விங்கார்டு கண்ட புதிருக்கு ஏறத்தாழ எழுபதாண்டு கழித்து விடை கிடைத்தது.

உள்ளிருந்து காத்தலும் வெளியிருந்து காத்தலும்

இவ்வறிவைப் பயிர்க்காப்பிற்குப் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. செடியின் மூல ஏட்டிலேயே புதிய பாடமொன்றை எழுதிவைத்து, அச்செடியே இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உண்டாக்குமாறு செய்தல் ஒரு வழி. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் வாழையில் இதனைச் செய்து பார்த்தனர். முடிக்கொத்து நச்சுயிரி பெருகுவதற்கு இன்றியமையாத ஒரு மரபணுவை இலக்காகக் கொண்டு அவர்கள் உருவாக்கிய வாழைகள், நச்சுயிரியை ஏந்திய அசுவினிகளை விட்டபின்னும் ஆறு மாதம் நோய்க்குறியின்றி நின்றன. இவ்வாய்வு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் மலைவாழையை அழித்த நச்சுயிரியையே இம்முறையால் மடக்க இயலும் என்பதற்கு இஃது அரிய சான்றாகும்.

எனினும் மரபணு மாற்றிய பயிரை நிலத்தில் இறக்குதற்கு நீண்ட ஆய்வும் அரசின் இசைவும் வேண்டும். மக்களுள் ஐயமுடையாரும் பலர். ஒவ்வொரு வாழை இனத்திற்கும் தனித்தனியே ஆண்டுக்கணக்காக உழைத்தலும் வேண்டும். ஆதலின், மூல ஏட்டினைத் தொடாமல் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, நீரிற் கலந்து இலைமேல் தெளித்தால் என்ன என்று சிலர் எண்ணினர். இதுவே இரண்டாவது வழி.

2001ஆம் ஆண்டில் எசுப்பானிய நாட்டு அறிஞர் தென்லாதோ, தியாசு ருயிசு இருவரும் நச்சுயிரியோடு அதற்குரிய இரட்டை இழை ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து இலைமேல் தடவினர். செடிகள் நோயினின்று தப்பின. 2016ஆம் ஆண்டில் செருமனி நாட்டின் கீசன் நகரத்து அறிஞர் வாற்கோதுமை இலையின் ஒரு பகுதியில் மட்டும் இதனைத் தெளித்தனர். தெளிக்காத பகுதியிலும் பூசணத்தின் வளர்ச்சி குன்றிற்று. இலையுட் புகுந்த ஆர்.என்.ஏ. உள்வழியே பயணம் செய்யவல்லது என்பது இதனால் தெரிந்தது.

தெளித்த ஆர்.என்.ஏ. வெயிலாலும் மழையாலும் சில நாளில் அழிந்துவிடும் என்பது பெருந்தடையாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் நீனா மிட்டர் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டு 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மிக நுண்ணிய களிமண் தகடுகளின்மேல் ஆர்.என்.ஏ.வை ஏற்றித் தெளித்தனர். தகடுகள் இலைமேல் ஒட்டிக்கொண்டன. காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் பட்டு மெல்ல மெல்லக் கரைந்து, ஆர்.என்.ஏ.வைச் சிறிது சிறிதாக விடுவித்தன. ஒருமுறை தெளித்ததன் காப்பு 20 நாள் வரை நின்றது. தெளித்தபின் புதிதாகத் தோன்றிய இலைகளும் காக்கப்பட்டன.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்துள்ளது. பப்பாளியை வாட்டும் வளையப்புள்ளி நச்சுயிரிக்கு எதிராக இந்திய அறிஞரும் கிரேக்க அறிஞரும் கூடி, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பப்பாளி இலைமேல் இட்டு ஆராய்ந்தனர். நம் நாட்டில் எடுத்த அந்நச்சுயிரியின் இரு வகைகளுக்கும் அது காப்பளித்தது என்று 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

செடியின் சொந்த மரபணுவையே தெளிப்பால் வாயடைத்தலும் கைகூடியுள்ளது. அது நச்சுயிரியை மடக்குவதினும் அரிய செயல். 2016ஆம் ஆண்டில் ஒரு குழுவினர் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளை மிகுந்த அழுத்தத்தோடு பீய்ச்சி இலையுட் புகுத்தி, அச்செடியில் முன்னரே சேர்க்கப்பட்டிருந்த அயல் மரபணு ஒன்றனை அடக்கினர். 2020ஆம் ஆண்டில் மற்றொரு குழுவினர் நுண்ணிய கரித்துகள்களின்மேல் ஆர்.என்.ஏ.வை ஏற்றித் தெளித்தனர். இலைப்பச்சையம் உண்டாவதற்கு வேண்டிய மரபணு வாயடைத்தபோது, தெளித்த இடத்தில் பசுமை வெளிறிற்று. இலைதானே தன் மாற்றத்தைக் கண்ணுக்குக் காட்டியது.

தடைகளும் எச்சரிக்கையும்

இவ்வளவும் கேட்டபின், மலைவாழைக்கும் இதனைத் தெளித்துவிடலாமே என்று மாணவர்கள் வினவலாம். வினா இயல்பானதே. ஆயின் ஆய்வுக்கூடத்துத் தொட்டிச் செடியும் மலைச்சரிவில் நிற்கும் வாழையும் ஒன்றல்ல. வாழையிலை மெழுகுப் பூச்சுடையது. நீர்த்துளி அதன்மேல் நில்லாது உருண்டோடுதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். மெழுகைக் கடந்தால் செல்லின் சுவர் தடுக்கும். நச்சுயிரி வாழ்வது இலையின் மேற்பரப்பிலன்று. சாறு செல்லும் உட்குழாய்களில். அசுவினியோ பட்டையின் இடுக்கில் பதுங்கியிருப்பது. மலையில் அடிக்கடி பெய்யும் மழை வேறு. இவற்றையெல்லாம் கடந்து, குறைந்த செலவில், பல மாதம் காக்கவல்ல தெளிப்பு மலைவாழைக்கென இன்னும் உழவர் கைக்கு வரவில்லை.

பிற பயிர்களில் முதலடி வைக்கப்பட்டுள்ளது. உருளைக்கிழங்கின் இலையைத் தின்று அழிக்கும் கொலராடோ வண்டிற்கு எதிராக, அவ்வண்டின் மரபணுவை வாயடைக்கும் தெளிப்பு ஒன்றிற்கு அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மூன்றாண்டு இசைவு வழங்கிற்று. வண்டு இலையைத் தின்னும்பொழுது ஆர்.என்.ஏ.வும் வயிற்றினுட் செல்லுதலின் அங்கே வேலை எளிதாயிற்று. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வின் விலையும் முன்னைப் பன்மடங்கினின்று பெரிதும் குறைந்துள்ளது.

இதனால் தீங்கு நேருமோ என்னும் ஐயமும் ஆராயத்தக்கது. நாம் உண்ணும் கீரையிலும் காயிலும் பழத்திலும் ஆர்.என்.ஏ. உண்டு, நம் வயிறு அதனைச் செரித்துவிடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சில நாளில் சிதைத்துவிடும். எழுத்து ஒவ்வாத உயிரின் மரபணுவை அது அடக்குவதில்லை. ஆயினும் தேனீ முதலிய நல்லுயிர்களின் மரபணுவோடு அவ்வெழுத்துகள் எங்கேனும் ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் கடமை. தீய பூச்சியும் நாளடைவில் இதற்குப் பழகிவிடக்கூடும். கொலராடோ வண்டினை ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக இத்தெளிப்பில் வளர்த்தபோது அதனைத் தாங்கும் இனம் தோன்றியதை அறிஞர் கண்டுள்ளனர். ஆதலின் இதனை எந்நோய்க்கும் ஏற்ற அருமருந்தென்று கொள்ளுதல் பிழையாம். பெயர் புதிதாக இருத்தலால் மயங்கி, சான்றில்லாத சரக்கினை விலைகொடுத்து வாங்குதலும் உழவர்க்கு இழப்பே.

இன்று செய்யத்தக்கது

புதிய காப்பு வரும் வரையில் பழைய காப்பினைக் கைவிடலாகாது. ஆஸ்திரேலியாவில் மேகி கூறிய வழியினைப் பின்பற்றி, நோயுற்ற வாழைகளை ஒன்றுவிடாது அழித்து, நலமான கன்றுகளையே நட்டு, பாழ்பட்ட வாழைத்தொழிலை மீட்டனர். ஒருவர் மட்டும் செய்து பயனில்லை என்று அறிந்து, சட்டத்தின் துணையோடு அனைவரும் செய்தனர். நம் நாட்டில் 1993ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை என்னுமிடத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. நச்சுயிரி இல்லாதன என்று ஆய்ந்து தெளிந்த திசு வளர்ப்புக் கன்றுகளால் விருப்பாட்சி வாழையை மலையில் மீண்டும் நிலைநிறுத்தும் முயற்சி நடந்து வருகின்றது.

உழவர் செய்யத்தக்கன மூன்று. நோயற்றது என்று சான்று பெற்ற கன்றினையே நடுதல் ஒன்று. குருத்திலும் இலைக்காம்பிலும் குறி தோன்றுகின்றதா என்று அடிக்கடி நோக்கி, தோன்றியவுடன் முதலில் அசுவினியை ஒழித்துப் பின் குத்தினைக் கிழங்கோடு அகற்றுதல் இரண்டு. அயலாரும் அவ்வாறே செய்யுமாறு கூடிச் செயற்படுதல் மூன்று. தன் தோட்டத்தை மட்டும் தூய்மை செய்தவனுக்கு அடுத்த தோட்டத்து நோயுற்ற வாழையே பகையாகிவிடும்.

ஒரு வாழை இனம் மறையுமாயின், மறைவது ஒரு பழம் மட்டுமன்று. பல தலைமுறை உழவர் தேர்ந்து காத்த சுவையும், மலைவாழ் மக்களின் பிழைப்பும், ஒரு மண்ணின் அடையாளமும் உடன் மறையும். இழந்த இனத்தை எந்த ஆய்வுக்கூடமும் புதிதாகப் படைத்துத் தாராது. ஆதலின் அறிவியல் விரைந்து வருதற்கு முன், வாழை மலையில் உயிரோடு நின்றிருத்தல் வேண்டும். அதனைக் காத்து நிற்றல் உழவர் கடமை. காக்கும் கருவியை ஆக்கித் தருதல் அறிஞர் கடமை. மெழுகுப் பூச்சினையும் செல்லின் சுவரினையும் கடந்து ஆர்.என்.ஏ.வை வாழையின் உட்குழாய்க்குக் கொண்டு சேர்க்கும் வழியினை இனித்தான் ஒருவர் காணவேண்டும். அவர் இன்று ஏதோ ஒரு பள்ளியின் வகுப்பறையில் அமர்ந்து உயிரியற் பாடம் படித்துக்கொண்டிருக்கலாம். அப்பள்ளி ஆத்தூரிலும் இருக்கலாம்.

அருஞ்சொற்பொருள்

கரந்துறைதல் – மறைந்து வாழ்தல். பேழை – பெட்டி. நெடுங்கணக்கு – எழுத்து வரிசை. குத்து – ஒரே கிழங்கிலிருந்து எழுந்த வாழைக்கூட்டம். நொதி – உயிரினுள் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள். பூசணம் – காளான் இனத்து நோயுயிர்.

பயிற்சி

1. முடிக்கொத்து நோயின் அறிகுறிகள் யாவை? அது பரவும் இரு வழிகளை விளக்குக.
2. மூல ஏடு, படி என்னும் உவமைகளால் ஆசிரியர் எவ்வெவற்றை விளக்குகின்றார்?
3. பெட்டூனியாப் பூவில் நிகழ்ந்த விந்தை யாது? அதன் காரணத்தை எழுதுக.
4. மரபணு மாற்றிக் காத்தலுக்கும் இலைமேல் தெளித்துக் காத்தலுக்கும் உள்ள வேற்றுமைகளை எழுதுக.
5. நும் ஊரில் விளையும் பயிர் ஒன்றின் நோயினைப் பற்றி உழவர் ஒருவரைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவிற் கட்டுரை வரைக.